அலுமினியப் படகில் ஓட்டையும் வெடிப்பும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராண்ட்பாஸில் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் கடை. பவுசர் டாங்கி, லொறி டீசல் டாங்கி, இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அலுமினிய வேலைதான் அதிகம். படகு என் கடைக்குள் நுழைந்தது 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு. களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் சனங்கள் மேல்மாடியில் காத்திருந்த அந்த நாட்களில், மதில்களுக்கும் கேற்றுகளுக்கும் நடுவே ஓடி அடிபட்ட ஒரு அலுமினியப் படகை, தண்ணீர் வடிந்ததும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். நாலு இடத்தில் படகு திருத்துகிறவர்களிடம் போய்விட்டு வந்திருந்தார்கள். எல்லோரும் கையை விரித்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. நம் நாட்டில் படகு திருத்துகிறவர்கள் பைபர் (கண்ணாடியிழை) ஆட்கள். அலுமினியம் ஒட்டுகிறவர்கள் வாகன ஆட்கள். அலுமினியப் படகு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு மறுபடி அதே கதை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

படகு திருத்துகிற இடத்தில் "பைபர் அடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டாம். பைபர் படகுக்கு அவர்கள் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்காது. வெயிலில் அலுமினியம் விரிகிற அளவும் பைபர் விரிகிற அளவும் வேறு. இரண்டு மாதம் நன்றாக இருப்பதுபோல் இருக்கும். பிறகு ஒரு மூலையில் நகத்தால் கிளப்பினால் முழுதும் அப்பளம்போல் கழன்று வரும். அதைவிட மோசம், கழலாமல் பாதி ஒட்டியபடி நின்றுவிடுவது. உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல், தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். நான் அப்படி ஒரு படகைக் கிளப்பிப் பார்த்தபோது முதலில் இருந்த ஓட்டை விரல்நுனி அளவு, பைபருக்குக் கீழே உருவாகியிருந்த ஓட்டை உள்ளங்கை அளவு.

எபொக்சி ரெசின், அதாவது இரண்டைக் கலந்து இறுகவிடுகிற பசை, வேறு கதை. அது பிடிக்கும், ஆனால் முறைப்படி செய்தால் மட்டும். கீழே சொல்கிறேன்.

தண்ணீர் வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை.

இதில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். ஆட்கள் படகுக்குள் குட்டை நிற்கிற இடத்தைக் காட்டி "இங்கேதான் ஓட்டை" என்பார்கள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். ஓட்டை முன்பக்கத்தில் இருந்தாலும் குட்டை பின்பக்கத்தில்தான் நிற்கும்.

தலைகீழாக யோசியுங்கள். படகைத் தண்ணீரில் விடாமல், தண்ணீரைப் படகுக்குள் விடுங்கள். ட்ரெயிலரில் அல்லது நாலைந்து மரக்கட்டையில் அடிப்பக்கம் நன்றாகத் தாங்கும்படி வைத்து, வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, குழாயால் உள்ளே மூன்று நாலு அங்குலம் நிரப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம்: ஒரு லீற்றர் ஒரு கிலோ. வெளியிலிருந்து தாங்குகிற தண்ணீர் இல்லாமல் அதிகப் பாரத்தை உள்ளே ஏற்றினால் நல்ல படகும் வளையும். முதலில் பின்பக்கம் சாய்த்து, பிறகு முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் பொறுத்தால் துளி எங்கே கோர்க்கிறது என்று தெரியும்.

துளி கண்ட இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். பென்சில் வேண்டாம். சிரிக்காதீர்கள், பென்சிலில் இருப்பது கிராஃபைட். உப்பு ஈரத்தில் கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி. கோடு போட்ட வழியே அரிக்கும். விமான வேலை செய்கிறவர்கள் இதற்காகவே அலுமினியத்தில் பென்சிலைத் தொடமாட்டார்கள்.

மயிரளவு வெடிப்புக்குத் தண்ணீரும் போதாது. வெல்டிங் சாமான் கடையில் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் இரண்டு ஸ்பிரே டின்னாக விற்கிறார்கள். சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாகத் தெரியும். அது கிடைக்காவிட்டால் பழைய முறை: வெளிப்பக்கம் சோக்குத்தூளைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். தண்ணீர் போகாத சந்துக்குள்ளும் மண்ணெண்ணெய் போகும். சோக்கில் ஈரக்கறை விழும். ஆனால் அந்த மண்ணெண்ணெயைப் பிறகு முற்றாகக் கழுவி எடுக்காவிட்டால் எபொக்சியும் பிடிக்காது, வெல்டிங்கும் நுரைக்கும்.

"எப்படி வந்தது, எப்படி வந்தது" என்று ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? அடைத்துத் தந்தால் போதாதா?

போதாது. ஒரே அளவு ஓட்டைக்கு மூன்று விதமான வைத்தியம் இருக்கிறது. கல்லில் மோதிக் கிழிந்ததா? அது விபத்து, தட்டி நிமிர்த்தி ஒட்டினால் முடிந்தது. என்ஜின் மாட்டுகிற பின்பலகையின் மூலையிலோ இருக்கை முடிகிற இடத்திலோ நீளமாக வெடித்திருக்கிறதா? தகடு மாதக்கணக்காக நெளிந்து நெளிந்து களைத்துப்போயிருக்கிறது. என்ஜின் படகுக்குப் பெரிதாக இருக்கலாம், உள்ளே விலா (தகட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) உடைந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் வெடிப்பை ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். வெள்ளைப் பொடி பூத்த இடத்தில் குண்டூசி ஓட்டைகளா? அது மின்னரிப்பு, எங்கோ செம்போ, ஈரமரமோ, கசிகிற வயரோ இருக்கிறது. அதைத் தேடாமல் அடைத்தால் அடுத்த வருஷமும் வருவீர்கள். கடைக்கு வருமானம்தான், ஆனால் நடு வாவியில் என்னைத்தான் திட்டுவீர்கள்.

சிலிக்கன் அடித்தால்?

இல்லை. உரிந்துவிடும். உரிந்த பிறகும் அதன் எண்ணெய்ப்பசை தகட்டில் இருக்கும், அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. குளியலறைச் சாமானைக் குளியலறையிலேயே வையுங்கள்.

குண்டூசி முதல் பென்சில் தடிப்பு வரை சின்ன ஓட்டை. வீட்டில் நானே அடைக்க முடியுமா?

முடியும். எபொக்சி போதும். ஜேபி வெல்ட் மாதிரி உலோகத்தூள் கலந்தது நல்லது. வெற்றி தோல்வி எபொக்சியின் பெயரில் இல்லை, தகட்டைத் தயார்செய்வதில் இருக்கிறது.

அலுமினியத்தைத் தேய்த்தவுடனே காற்றுப்பட்டு அதன்மேல் ஒக்சைட் படலம் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. எபொக்சி அந்தப் படலத்தில் ஒட்டினால் படலத்தோடு சேர்ந்து கழலும். எனவே: பெயின்டை நாலு பக்கமும் இரண்டு அங்குலம் அகற்றுங்கள். முதலில் அசிட்டோனால் துடையுங்கள், பிறகு 80 நம்பர் சாண்ட் பேப்பரால் தேயுங்கள், மறுபடி அசிட்டோன். துடைக்கிற துணி கறுப்பாக வராதவரை துடைக்க வேண்டும். ஒழுங்கு முக்கியம், எண்ணெயோடு தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் புகுத்துகிறீர்கள்.

அடுத்ததுதான் பலருக்குத் தெரியாத வித்தை. கலந்த எபொக்சியை மெல்லிதாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அதற்குள் சாண்ட் பேப்பரை வைத்து மறுபடி தேயுங்கள். படலம் எபொக்சிக்கு அடியில் கிழியும். காற்றுப் படுவதற்கு முன்பே பசை படும். அதற்கு மேல் தடிப்பாகப் பூசி, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் செய்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

கொழும்பு வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. பகலில் நம்மிடம் 30 பாகை சாதாரணம். டின்னில் எழுதியிருக்கிற வேலைநேரம் குளிர்நாட்டுக் கணக்கு. சூடு பத்துப் பாகை கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நிழலில், காலையில் செய்யுங்கள். ஒரு முறை யோகட் கோப்பை நிறையக் கலந்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பை புகைந்துகொண்டிருந்தது.

வெடிப்பு இரண்டு அங்குலம் இருக்கிறது. எபொக்சியால் மூடலாமா?

எபொக்சி தனியாக வெடிப்பை நிறுத்தாது. வெடிப்பின் முனை ஊசிபோல் கூர். தகடு நெளியும்போது எல்லா இழுவையும் அந்த முனையில் வந்து சேரும். அதனால்தான் அது நாளுக்கு நாள் நீள்கிறது. முனையை மொட்டையாக்க வேண்டும். இரண்டு முனையிலும், கண்ணுக்குத் தெரிகிற முடிவுக்குக் கொஞ்சம் அப்பால், 3 மில்லிமீற்றர் ட்ரில்லால் வட்டமாகத் துளையுங்கள். "இருக்கிற ஓட்டை போதாதா, இன்னும் இரண்டு போடுகிறீர்களா" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வட்டத்துக்குக் கூர்முனை இல்லை, இழுவை சுற்றிலும் பரவிவிடும். முனையைத் தவறவிட்டு நடுவில் துளைத்தால் பயன் இல்லை. சிவப்புச் சாயம் இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது.

துளைத்த பிறகு வெடிப்பின் வழியே வீ வடிவில் வெட்டி வெல்டிங் செய்வது சரியான வழி. வெல்டிங் வசதி இல்லாவிட்டால் ரிவெட் வைத்த தகடு. இரண்டிலும், நெளிவுக்குக் காரணமான இடத்தில் உள்ளே ஒரு விலாவோ முக்கோணத் தாங்கியோ வைத்துக் கட்டுங்கள். இரும்பு ஓரளவுக்குக் கீழே எத்தனை கோடி தடவை நெளிந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சின்ன நெளிவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

ரிவெட் வரிசை முழுக்கக் கசிகிறது.

பழைய ரிவெட் படகுகளுக்கு இது நரை விழுவதுபோல. ரிவெட்டின் தலையைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கறை மாதிரி இருந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம். ஆடுகிறதை மறுபடி இறுக்கலாம். ஒருவர் உள்ளே வால்பக்கத்தில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெளித் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போனால் வேலை ஒரு மணித்தியாலம். புருஷன் பெண்சாதியாகச் செய்ய நான் சிபாரிசு செய்வதில்லை.

துளை நீண்டுபோயிருந்தால் பழையதைக் குடைந்து எடுத்துவிட்டு ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். சாதாரண பொப் ரிவெட் வேண்டாம். அதன் நடுவில் துவாரம் இருக்கிறது, அதுவே கசியும். உள்ளே நிற்கிற இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் "அடி மூடிய ரிவெட், ஆணியும் அலுமினியம்" என்று கேளுங்கள். முதல் கடையில் இல்லை என்பார்கள். தெரு நீளமானது, நடங்கள். ஒவ்வொரு ரிவெட்டையும் சிக்காஃப்ளெக்ஸ் 291 அல்லது 3எம் 5200 போன்ற பொலியூரிதேன் சீலன்டில் தோய்த்துப் போடுங்கள். இந்த வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். நம் ஊர்ப் புழுக்கம் உதவி செய்கிற ஒரே வேலை இது.

கைவிரல் நுழையும் ஓட்டை. தகடு வைப்பது எப்படி?

கிழிந்த விளிம்பை மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, ஓட்டையை வட்டமாகவோ முட்டைவடிவாகவோ வெட்டிச் சுத்தமாக்குங்கள். தகட்டுக்கும் நாலு மூலை இருக்கக்கூடாது. மூலை இருந்தால் வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். ஓட்டையைவிடச் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் பெரிதாக, படகின் தடிப்பிலேயே வெட்டுங்கள். "பலமாக இருக்கட்டும்" என்று இரட்டைத் தடிப்பு வைக்கிறவர்கள் உண்டு. பிறகு நெளிவெல்லாம் தகட்டின் விளிம்பில் போய் நிற்கும், அங்கே வெடிக்கும்.

தகட்டை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று எப்போதும் வாக்குவாதம் வரும். வெளியே வைத்தால் தண்ணீர் அதை ஓட்டையோடு அழுத்தும். ஆனால் கரையில் இழுக்கும்போது விளிம்பு கல்லில் மாட்டும். நான் அடிப்பக்கத்தில் உள்ளேயும் பக்கச்சுவரில் வெளியேயும் வைக்கிறேன். இது என் பழக்கம், சட்டம் இல்லை.

முதலில் தகட்டை வைத்து நாலு ரிவெட் துளை மட்டும் போட்டுத் தற்காலிகமாகப் பிடியுங்கள். மிச்சத் துளைகளைத் தகட்டையும் படகையும் சேர்த்தே துளையுங்கள், 20 முதல் 25 மில்லிமீற்றர் இடைவெளியில், ஒன்று விட்டு ஒன்று மாறி இரண்டு வரிசை. பிறகு கழற்றி, துளைவாய்ப் பிசிர்களை எடுத்து, இரண்டு முகத்திலும் சீலன்டைப் பூசி, 4.8 மில்லிமீற்றர் ரிவெட்டால் நடுவிலிருந்து வெளியே போகும்படி இறுக்குங்கள். சுற்றிலும் சீலன்ட் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் காய்ந்த இடம்.

என்ன தகடு வாங்க வேண்டும்? யன்னல் வேலைக்கு வைத்திருந்த அலுமினியம் மிச்சம் இருக்கிறது.

யன்னல் சட்டத்துக்கு வருவது பெரும்பாலும் 6063 என்ற எண்ணுள்ள கலவை. சட்டமாக இருக்க நல்லது, படகின் தோலாக இருக்க மென்மை. வெல்டிங் சூடு பட்டால் 6000 வகைகளின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும். சட்டிபானை செய்கிற தூய அலுமினியம் அதைவிட மென்மை. படகுக்கு 5052, 5083 அல்லது 5086. மெக்னீசியம் கலந்தவை, உப்பைத் தாங்குபவை. விமானப் பாகம், ரேசிங் பாகம் என்று யாராவது 2024 வகைத் தகட்டைத் தந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அதில் செம்பு கலந்திருக்கிறது, கடற்காற்றிலேயே அரித்துப்போகும்.

பக்கத்து வெல்டிங் பாஸ் இரும்பு கேற்றெல்லாம் செய்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

கேற் செய்கிற மெஷினால் இது ஆகாது. டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் மின்பொறி வைத்து ஒட்டுகிற முறை) என்றால் ஏசி மின்னோட்டமும் ஆர்கன் வாயுவும் வேண்டும். காரணம் அந்தப் படலம்தான். அலுமினியம் 660 பாகையில் உருகும், இந்தக் கலவைகள் இன்னும் கொஞ்சம் கீழே. மேலே இருக்கிற ஒக்சைட் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். படலத்தை உடைக்காமல் சூடாக்கினால் உள்ளே தகடு தண்ணீராகி, மேலே தோல் மட்டும் நிற்கும். திடீரென்று முழுதும் பொத்தென்று விழும். இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது. ஏசி மின்னோட்டத்தின் ஒரு பாதி படலத்தை உடைக்கும், மறுபாதி தகட்டை உருக்கும். 3 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பான படகுக்கு, கம்பி தானாக வந்து உருகுகிற மிக் மெஷினும் சரி, கையிலேயே கம்பிச்சுருள் வைத்த துப்பாக்கி இருந்தால்.

கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, உருக்கி நிரப்புவது எந்தக் கம்பி? பஞ்சிகாவத்தைப் பக்கம் ரேடியேட்டரும் என்ஜின் மூடியும் ஒட்டுகிறவர்களிடம் 4043 கம்பி இருக்கும். அது அழகாக ஓடும். ஆனால் 5083 படகில் அதன் சிலிக்கனும் தகட்டின் மெக்னீசியமும் சேர்ந்து ஒட்டிய இடத்தை நொறுங்கவைக்கும். படகுக்கு 5356 கேளுங்கள். தகட்டின் இனம் தெரியாவிட்டாலும் 5356 பெரும்பாலும் காப்பாற்றும். இரண்டாவது, அலுமினியத்துக்கென்று தனி ஸ்டீல் பிரஷ் இருக்கிறதா? எவர்சில்வர் கம்பியாக இருக்க வேண்டும், இரும்பைத் தொட்டிருக்கக் கூடாது. மூன்றாவது, எதனால் துடைப்பார்? இதை அடுத்த கேள்வியில் பாருங்கள். நல்ல பாஸ் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

வெல்டிங்குக்கு முன் நான் என்ன செய்து கொண்டுவர வேண்டும்?

இது பணத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. எனவே கொஞ்சம் நீளமாக.

பெற்றோல் டாங்கியையும் குழாய்களையும் கழற்றுங்கள். வெறும் டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்து. உள்ளே நிற்பது ஆவி. இருக்கைக்கு அடியில், தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருக்கும் மஞ்சள் ஸ்பொஞ்ச், அதுதான் பொலியூரிதேன் நுரை, ஒட்டுகிற இடத்திலிருந்து எட்டக் கழற்றிவிடுங்கள். அது எரிந்தால் வருகிற புகையில் சயனைட் வாயு இருக்கும். அனேகமாக அது தண்ணீர் குடித்து ஊறிப்போயும் இருக்கும். கழற்றும்போது அதன் பாரத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். படகு ஏன் மெதுவாக ஓடியது என்பதும் அப்போதே விளங்கும். பெட்டிபோல் மூடிய அறை இருந்தால் சொல்லுங்கள். காற்றுப் போக வழி செய்யாமல் அதைச் சூடாக்கக்கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

துடைக்க அசிட்டோன்தான், அதுவும் முற்றாக ஆவியான பிறகே ஆர்க் (வெல்டிங் மின்பொறி). கராஜில் கைக்கு எட்டுகிற பிரேக் கிளீனரை எடுக்காதீர்கள். அதில் சில வகையில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. ஆர்க் வெளிச்சத்தில் அது பொஸ்ஜீன் ஆகும். முதலாம் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பாவித்த அதே வாயு.

கிரைண்டரைப் பற்றியும் ஒரு சொல்: துருப்பிடித்த இரும்பைத் தேய்த்த இடத்திலேயே அலுமினியத்தையும் தேய்த்துத் தூளைக் குவிக்காதீர்கள். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தண்டவாளம் ஒட்டப் பாவிக்கிற மருந்து. ஒரு பொறி போதும்.

கேஸ் டோர்ச்சில் உருக்கி ஊற்றுகிற கம்பி விளம்பரத்தில் பார்த்தேன். வெல்டிங்கே வேண்டாமாம்.

அந்தக் கம்பியில் பெரும்பங்கு துத்தநாகம். 400 பாகைக்குக் கீழேயே உருகும். குளத்தில் ஓடுகிற சின்னப் படகின் குண்டூசி ஓட்டைக்கு, கை பழகியவர் செய்தால், நிற்கும். விளம்பரத்தில் காட்டாத விஷயம் இரண்டு. ஒன்று, கம்பியைச் சுடர் உருக்கக்கூடாது, தகடு உருக்க வேண்டும். தகடு போதிய சூடாகாவிட்டால் மேலே உருண்டையாக நிற்கும். மற்றது, உப்புத் தண்ணீரில் துத்தநாகம் அலுமினியத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். அதாவது அடைப்பே முதலில் கரையும். கடலுக்கு வேண்டாம்.

பொல்கொடையில்தான் ஓட்டுகிறோம். அது நன்னீர்தானே, அரிப்பு வருமா?

பொல்கொடை வாவிக்குப் பாணந்துறையில் கடல் வாசல் இருக்கிறது. களனி கங்கையிலும் வறட்சி மாதங்களில் உப்பு அம்பத்தளை நோக்கி ஏறுகிறது. முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் கேட்கவே வேண்டாம். கொழும்பைச் சுற்றி "நன்னீர்" என்று நினைக்கிற தண்ணீரில் பாதி உவர். அதற்கு அலுமினிய அனோட் (படகுக்குப் பதிலாகத் தான் கரைகிற உலோகக்கட்டி) பூட்டுங்கள். கடலுக்குத் துத்தநாகமும் சரி, சுத்த நன்னீருக்கு மெக்னீசியம். அனோட்டுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அது கரைவதற்காகவே இருக்கிறது. மூடினால் படகு கரையும்.

அதைவிட முக்கியம், உள்ளே கிடப்பது. தூண்டில் ஈயக்குண்டு, பித்தளை ஆணி, செப்புக்கம்பித் துண்டு இவற்றில் ஒன்று அடித்தளத்தில் உப்புத்தண்ணீரில் கிடந்தால் அதன் வடிவத்திலேயே ஓட்டை விழும். செப்பு மருந்து ஏற்றிய பலகையை அலுமினியத்தோடு சேர்த்துப் பூட்டாதீர்கள். எவர்சில்வர் போல்ட் போட்டால் இடையில் சீலன்டோ நைலோன் வொஷரோ வையுங்கள். பம்ப் வயரின் இணைப்பு தண்ணீருக்குள் கிடக்கக்கூடாது. மின்சாரத்துக்குத் திரும்பும் வழியாகப் படகின் உடலைப் பாவிக்கவே கூடாது. வாகன எலக்ட்ரீசியன் பழக்கதோஷத்தில் அப்படித்தான் கொடுப்பார்.

பாசி பிடிக்காத பெயின்ட்?

பைபர் படகுக்கு அடிப்பதில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. அலுமினியத்தில் அது தற்கொலை. டின்னின் பின்பக்கத்தை வாசியுங்கள். செம்பு ஒக்சைட் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு என்று எழுதியதை மட்டும், அதுவும் தகட்டைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமருக்கும் எபொக்சி பிரைமருக்கும் மேல்.

தண்ணீரில் இருக்கும்போதே ஓட்டை விழுந்தால்?

முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட். பிறகு ஓட்டை தண்ணீருக்கு மேலே வரும்படி ஆட்களை மறுபக்கம் நகர்த்துங்கள். ஓட்டைக்குள் துணி, ஸ்லிப்பர் துண்டு, மென்மரத்தில் செதுக்கிய ஆப்பு எது நுழைகிறதோ அதை அடையுங்கள். மரம் ஊறி இறுகும். பெட்டியில் எப்போதும் இரண்டு ஆப்பும், ஈரத்திலேயே இறுகுகிற எபொக்சிப் பசையும், ஒரு வாளியும் இருக்கட்டும். பம்பைவிட, பயந்துபோன மனிதன் கையில் வாளி வேகமாக வேலை செய்யும்.

வெள்ளத்தின்போது அவசரத்துக்குச் சீமெந்து அப்பினோம். இப்போதும் கசியவில்லை. அப்படியே விடலாமா?

உடனே எடுங்கள். ஈரச்சீமெந்து காரம், அலுமினியத்தைக் கரைக்கும். கோஸ்டிக் சோடா போட்டுப் படகு கழுவுகிறவர்களுக்கும் இதே பதில். கசியாமல் இருப்பது சீமெந்து தடிப்பாக இருப்பதால்தான். கீழே தகடு மெலிந்துகொண்டிருக்கிறது.

வெள்ளத்தில் ஓடிய படகை நிமிண்டுவதற்கு முன் கையுறை போட்டு நன்றாகக் கழுவுங்கள். மலக்குழித் தண்ணீரும் எலிமூத்திரமும் கலந்த சேறு அது. கிழிந்த தகட்டில் கை வெட்டிக்கொண்டு எலிக்காய்ச்சல் வாங்க வேண்டாம்.

எந்த மாதம் திருத்துவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். அலுமினிய ஒட்டில் குமிழி வருவது ஈரத்திலிருந்து வரும் ஹைதரசனால். மே மாத மழைக்கு நடுவில் தார்ப்பாய் கட்டிச் செய்திருக்கிறேன், செய்ய முடியும், ஆனால் நேரம் இரண்டு மடங்கு. எல்லோரும் வெள்ளம் வந்த பிறகுதான் ஓடிவருகிறார்கள்.

திருத்தவே கூடாத படகு உண்டா?

உண்டு. அடித்தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மெலிந்த இடம் தகரடப்பா மாதிரி. கூரான ஊசியால் அழுத்தினால் உள்ளே போகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியதைவிட அதிகமாக இருந்தால், பாதித் தடிப்பு போயிருந்தால், நான் ஒட்டமாட்டேன். மெலிந்த தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். அந்தப் பகுதியை முழுதாக வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். அது படகின் விலைக்கு நெருங்கினால் பழைய அலுமினியக் கடைக்குத்தான். ஒருவருக்கு அப்படிச் சொன்னேன். கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் கொடுத்து ஒட்டினார். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ஜினை மட்டும் விற்க வாடிக்கை தேடித்தரச் சொல்லி வந்தார்.

உங்களிடம் கொண்டு வரலாமா?

வரலாம். எங்கள் தெரு ஒடுக்கம், 14 அடிக்கு மேல் நீளமான படகு திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன் வந்தால் ட்ரெயிலரைப் பின்னால் தள்ள இடம் இருக்கும். டாங்கியை வீட்டில் வைத்துவிட்டு, ஸ்பொஞ்சைக் கழற்றிவிட்டு, மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள். பென்சிலால் போட்டிருந்தால் முதல் வேலையாக அதை அசிட்டோனால் நீங்களே துடைக்க வேண்டியிருக்கும்.